இளைப்பாறுமிடம்

உடுதும்பரையைத் தாண்டியதிலிருந்து நாய்கள் துரத்தவில்லை.

நிரஞ்சன் முதலில் அதைக் கவனிக்கவில்லை. ஐந்நூற்றைம்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தவனுக்கு எதையும் கவனிக்கிற நிலைமை இருக்காது. ஏதோ ஒன்று குறைகிறது என்று மட்டும் தோன்றியது, பஸ்ஸில் ஏறிய பிறகு அடுப்பை அணைத்தோமா என்று தோன்றுவதுபோல. நேற்றுக் காலை ஆறு மணிக்குக் கண்டியில் புறப்பட்டதிலிருந்து, நாவலப்பிட்டி நாய், தம்புள்ளை நாய், அநுராதபுரத்து நாய், திருகோணமலைக் கடற்கரை நாய் என்று இந்த நாட்டின் நாய்களெல்லாம் இன, மத, மாகாண வேறுபாடு பாராமல் அவனுடைய கெண்டைக்காலைக் குறிவைத்து ஓடி வந்திருந்தன. தேசிய ஒற்றுமையை அவன் வேறெங்கும் இவ்வளவு கிட்டத்தில் கண்டதில்லை. இங்கே மட்டும், பனிமூட்டம் இறங்கிவிட்ட இந்த மலைப் பாதையில், மதகுக் கட்டின் மேல் இரண்டும் மூன்றுமாக உட்கார்ந்திருந்த நாய்கள் அவன் வருவதைப் பார்த்தன. அவன் கிட்ட வந்ததும், தெருவில் பிரேதம் போகும்போது ஜன்னலைச் சாத்துகிறவர்களைப்போல முகத்தைத் திருப்பிக்கொண்டன.

ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறரை. எங்கோ கீழே ஒரு தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாடும் வாசம், ஈர மண்ணோடும் மிளகுக் கொடியோடும் கலந்து, மூக்கில் ஒரு கனமாக உட்கார்ந்திருந்தது. நனைந்த தாரில் டயர் எழுப்பும் உறிஞ்சல் சத்தமும், சங்கிலியின் முனகலும், தன்னுடைய மூச்சும் தவிர அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. அந்த மூச்சும் யாரோ பின்னாலிருந்து விடுவதுபோலத்தான் கேட்டது. விளக்கு வெளிச்சம் பத்தடி போய்ப் பனியில் முட்டி நின்றது. அந்தப் பத்தடிக்குள்தான் அவனுடைய உலகம் இருந்தது.

இரவு பத்து மணிக்குள் கண்டிக்குப் போய்விட வேண்டும். அறுநூறு கிலோமீட்டர், நாற்பது மணித்தியாலம். அதற்குள் முடித்தவனுக்குத்தான் பிரான்சில் நான்கு வருடங்களுக்கு ஒருமுறை நடக்கும் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் ஓட்டத்துக்குத் தகுதி. ஒரு நிமிடம் பிந்தினாலும் இல்லை. முதல் முறை ஹபரணை பஸ் தரிப்பிடத்தில் பத்து நிமிடம் கண்ணை மூடினான், ஐந்து மணித்தியாலம் கழித்துத் திறந்தான். இரண்டாம் முறை முழங்கால் கைவிட்டது. இப்போது நாற்பத்தாறு வயது. அடுத்த முறை ஐம்பது. அந்த வயதில் முழங்காலிடம் எதையும் கேட்க முடியாது, அது சொல்வதைத்தான் கேட்கலாம்.

அவனுக்கு இது விளையாட்டல்ல. கண்டியில் ஒரு தபால் கந்தோரில் இருபத்திரண்டு வருடங்களாக முத்திரை குத்துகிறான். அவன் குத்திய முத்திரையோடு கடிதங்கள் கனடாவுக்குப் போயின, கட்டாருக்குப் போயின, பார்சல்கள் பாரீசுக்கே போயின. அவன் மட்டும் கவுண்டரிலேயே இருந்தான். ஒரே ஒருமுறை தானும் ஒரு முத்திரையோடு வெளியே போய்ப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான். இதை மனைவி தர்ஷிகாவிடம்கூடச் சரியாகச் சொல்ல வரவில்லை. "அங்க போயும் இதே சைக்கிளத்தானே மிதிக்கப் போறீங்க?" என்று அவள் கேட்டபோது போய்ச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டான்.

மஹியங்கனையில் பகல் மூன்று மணிக்கு அவனிடம் புத்தி சொல்ல ஒருவன் இருந்தான். அலவத்துகொடையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் பஹீம். ஐந்நூற்றிருபத்தைந்து கிலோமீட்டர் கூடவே வந்தவன், பஸ் தரிப்பிடத்தில் சைக்கிளை நிலத்தில் சாய்த்துவிட்டு அதன் பக்கத்திலேயே தானும் சாய்ந்தான்.

"எனக்கி ஏலா மச்சான். முழங்கால் ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் பெய்த்திட்டு. நான் பஸ்ஸில ஏறப்போறேன்."

"இன்னும் எழுபத்தஞ்சு கிலோமீட்டர்தான்டா."

"அந்த எழுபத்தஞ்சத்தான் பஸ்ஸில போகப்போறேன். அதுக்குத்தானே பஸ் ஈக்கி."

"ஐயா என்ன சொல்லுவாரு?"

"என்ன சொன்னாலும் நாப்பது நிமிஷம் சொல்லுவாரு. நான் கதிரையில இருந்துக்கொண்டு கேக்குறேன். நீயும் ஏறு. ஒன்ட மூஞ்சப் பாத்தா மையத்து மாதிரி ஈக்கி."

ஐயா என்பது ராஜரத்தினம். இளைப்பாறிய கல்வி அதிகாரி, கண்டி நெடுந்தூர மிதிவண்டி மாமன்றத்தின் ஆயுட்காலத் தலைவர். மாமன்றத்தில் பதினொரு பேர். அதில் ஒன்பது பேர் பதவியில் இருந்தார்கள், மிச்சம் இரண்டு பேர் பஹீமும் நிரஞ்சனும். ராஜரத்தினம் எட்டு வருடங்களுக்கு முன்னால் இதே பாதையில் அறுநூறை முடித்து, பிரான்சுக்குப் போய் வந்தார். அன்றிலிருந்து அவருக்குக் களைப்பு என்பதே கிடையாது. எழுபது வயதில் அதிகாலை நான்கு மணிக்கு எழும்புகிறார், பத்துக் கூட்டத்தில் பேசுகிறார், மைக் கொடுத்தால் தட்டிவிடுகிறார். "களைப்பு மனதின் பொய்" என்று அந்த ஓட்டத்துக்கு முந்தியே பனியனில் அச்சடித்து, அதை ஆளுக்கு இரண்டாயிரம் ரூபாவுக்கு விற்றார். சைக்கிள்காரர்கள் வழியில் முத்திரை வாங்க வேண்டிய இடங்களை உலகமெல்லாம் ஆங்கிலத்தில் ஏதோ சொல்கிறார்கள். மாமன்றத்தின் பயண அட்டையில் மட்டும் அது தூய தமிழில் 'இளைப்பாறுமிடம்' என்றிருந்தது. அந்தச் சொல்லுக்காக அவர் மூன்று கூட்டம் நடத்தினார். உண்மையில் அந்த இடமெல்லாம் தேத்தண்ணிக் கடைகள். முதலாளிமார் ரொட்டி தட்டிய கையால் முத்திரை குத்தித் தருவார்கள்.

கடைசி இளைப்பாறுமிடம் ஹுன்னஸ்கிரியவில். அந்த முத்திரை ஏழரைக்குள் விழ வேண்டும். அதற்குப் பிறகு கண்டி வரை பெரும்பாலும் இறக்கம்.

ஒரு வளைவைத் திரும்பியபோது பனிக்குள் ஒரு ட்யூப்லைட் தெரிந்தது. அதன் கீழே, வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தில்: இளைப்பாறுமிடம். சிங்களம் இல்லை, ஆங்கிலம் இல்லை. ஹுன்னஸ்கிரியவுக்கு இன்னும் நாலு கிலோமீட்டர் இருக்க வேண்டும், ஆனால் மாமன்றத்தின் தூரக்கணக்கு தலைவரின் உரைபோல முன்பின்னாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். மலைநாட்டு நெடுஞ்சாலையில் ஒரு தமிழ்ப் பெயர்ப்பலகை, அதுவும் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல். அப்போதே அவன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பழைய காலத்து ஓவசியர் குவாட்டர்ஸ் மாதிரி ஒரு தகரக் கூரை வீடு. வாசலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கம்பளிச் சட்டையின் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டு, தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கலக்கிக் கொடுப்பவளைப்போல நின்றிருந்தாள்.

"வாங்க தம்பி. சைக்கிள அப்படியே சாத்திட்டு வாங்க. கால் நடுங்குது பாருங்க."

உள்ளே மண்ணெண்ணெயும் தைலமும் நனைந்த கம்பளியும் கலந்த வாசம். ஒரு மேசை, ஒரு கதிரை, பழைய டெலிபோன் ஒன்று, சுவரில் மணிக்கூடு. அடுத்த அறைக்குக் கதவில்லை, திரைதான். திரை ஒரு பக்கம் ஒதுங்கியிருந்ததால் இருட்டில் வரிசையாகத் தலைகள் தெரிந்தன. சாம்பல் நிறப் போர்வைகளை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டு ஆட்கள் பாயில் படுத்திருந்தார்கள்.

"எத்தன பேருக்கா உள்ள?"

"ஆறு பேரு. எல்லாம் உங்கள மாதிரிதான். சைக்கிள்காரங்க."

அவனுக்கு முன்னால் போனவர்கள் நான்கு பேர்தான். கொழும்புக் கழகம் ஏதாவது வந்திருக்கும் என்று மனதைச் சமாதானப்படுத்தினான். சமாதானப்படுத்துவது சுலபமாக இருந்தது. கதிரையில் உட்கார்ந்ததும் உடம்பு முழுக்க எதையும் நம்பத் தயாராகிவிட்டது.

தேயிலைச் சாயத்தண்ணி வந்தது, இஞ்சி தட்டிப் போட்டு, கண்ணாடிக் கிளாசில். முதல் மிடறு தொண்டையில் இறங்கியபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் அட்டையை எடுத்து, பித்தளைப் பிடியிட்ட ஒரு முத்திரையை மையில் ஒற்றி, ஓங்கிக் குத்தினாள். தொழில்காரன் என்பதால் அவன் அந்தக் குத்தைத்தான் பார்த்தான். அலுங்காத கை. திகதி சரி, நேரம் ஆறு ஐம்பது, அதுவும் சரி. வட்டத்தின் நடுவில், மற்ற இடங்களில் கடைப் பெயர் இருக்கும் இடத்தில், ஒரே சொல். வந்தார்.

"கொஞ்சம் சாய்ஞ்சிட்டுப் போங்களேன். பாய் விரிச்சிருக்கு."

அந்த ஒரு வாக்கியத்துக்காக அவனுடைய முதுகெலும்பு அழுதது. "வேணாங்க்கா. பத்து மணிக்குள்ள கண்டிக்குப் போயிரணும். இந்தத் தடவ விட்டா அவ்வளவுதான்."

"போங்க. யாரு வேணாம்னா."

அவன் எழுந்து தலைக்கவசத்தை மாட்டினான். "சரிக்கா. போயிட்டு வர்றேன்."

அவள் முதல்தடவையாக நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். "வருவீங்களா?"

"வராம?" என்று அவன் சிரித்தான். "வராம எங்க போகப் போறேன்."

"அப்ப வாங்க," என்றாள்.

வாசலில் சைக்கிளில் ஏறி, சப்பாத்தை மிதியில் பொருத்தினான். 'டக்' என்ற அந்தச் சத்தம் இரண்டு தடவை கேட்டது. ஒன்று அவனுடையது. மற்றது அதற்கு ஒரு கணம் முன்னால், அவனுக்கு ஒரு முழம் முன்னால்.

பாதையில் ஒரு சிவப்பு விளக்கு போய்க்கொண்டிருந்தது. அவனுடையதைப் போலவே வட்ட விளக்கு, அதே மினுங்கும் குறுக்குப் பட்டி. ஆறு பேரில் யாரோ எழும்பிப் புறப்பட்டுவிட்டான் என்று நினைத்து, ஒரு துணை கிடைத்த சந்தோஷத்தில் நிரஞ்சன் அழுத்தி மிதித்தான். முன்னால் போகிறவனுக்குக் களைப்பே இல்லை. அறுநூறு கிலோமீட்டரில் இந்த இடத்தில் எல்லோருக்கும் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும். இவனுக்கு ஆடவில்லை. தண்ணீரில் போகிறவன்போலப் போனான்.

"ஹலோ," என்று கூப்பிட்டான். "கொஞ்சம் மெதுவா போங்களேன்."

முன்னால் ஒரு சிரிப்பு கேட்டது. தெரிந்த சிரிப்பு. யாருடையதென்றுதான் பிடிபடவில்லை. விளக்கு வளைவில் திரும்பியது. அவன் திரும்பியபோது வளைவு மட்டும் இருந்தது.

அதன் பிறகு இறக்கம் கனத்தது. இறக்கம் என்றுதான் அவனுக்குத் தெரியும், ஹுன்னஸ்கிரியவைத் தாண்டினால் தெல்தெனிய வரை மிதிக்கவே தேவையில்லை என்று போன மாதம் ஓடிப் பார்த்தவன். ஆனால் கை தானாகவே ஆகக் குறைந்த கியருக்குப் போயிருந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. முழங்கால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சின்னச் சத்தம் போட்டது. ஹுன்னஸ்கிரிய கடைகள் வரவில்லை. ஒரு லொறிகூட வரவில்லை. கொழுந்து வாடும் அதே வாசம். மதகுக் கட்டின் மேல் நாய்கள். ஒரு வளைவு. பனிக்குள் ட்யூப்லைட்.

பிழையில்லாத தமிழ்.

"வாங்க," என்றாள் அந்தப் பெண். "சொன்ன மாதிரியே வந்துட்டீங்க."

மணிக்கூட்டில் எட்டேகால். மேசையில் கண்ணாடிக் கிளாஸ், அதிலிருந்து ஆவி. உட்காராமல் நின்றபடி அவன் யோசித்தான். யோசனை சீனிப்பாணியில் மாட்டிய ஈபோல நகர்ந்தது. பனியில் எங்கோ திரும்பியிருக்கிறோம். நித்திரை இல்லாதவனுக்கு நடக்கிறதுதான். முதல் முறை ஓடியபோது ஹபரணையில் ஒரு தபால் பெட்டியை மேலதிகாரி என்று நினைத்துப் பத்து நிமிடம் லீவு கேட்டிருக்கிறான். இன்னும் நேரம் இருக்கிறது. ஒன்றே முக்கால் மணித்தியாலம். முப்பத்தைந்து கிலோமீட்டர். முடியும்.

"கண்டிப் பக்கம் எதுக்கா?"

"இடது கைப் பக்கம். முதல்லயும் அப்படித்தானே போனீங்க?"

ஆமாம். அப்படித்தான் போனான்.

இந்த முறை எதுவும் சொல்லாமல் புறப்பட்டான். ஏறவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு, இடது பக்க வடிகால் காணின் சீமெந்து ஓரத்தில் ஒரு காலை உரசியபடியே நடந்தான். காண் எப்படியும் திரும்பாது. காண் பொய் சொல்லாது. காலடிகளை எண்ணினான். நூறு. இருநூறு. காணுக்குள் தண்ணீர் அவனோடு வந்தது. முந்நூற்றுப் பத்தில் அந்தத் தண்ணீர் எதிர்ப்பக்கமாக ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டான். எப்போது மாறியது என்று தெரியவில்லை. சீமெந்து ஓரம் காலை விட்டு அகலவில்லை. முந்நூற்று நாற்பது.

ட்யூப்லைட்.

முந்நூற்று நாற்பது காலடி. மணிக்கூட்டில் பத்து ஐந்து.

அவன் கதிரையில் உட்கார்ந்தான். அழுகை வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. அதற்கும் ஏதோ சக்தி வேண்டும்போலிருந்தது. ஐந்து நிமிடம். நான்கு வருடம். ஐம்பது வயது. கவுண்டர்.

"முடிஞ்சிருச்சுக்கா," என்றான்.

"எது?"

"பத்து மணி. தகுதி போயிருச்சு."

"தகுதி எங்கயும் போகல," என்றாள் அவள், கிளாசைத் துடைத்தபடி. "அவரு நேரத்துக்குப் போய்ச் சேந்துட்டாரு."

"யாரு?"

"போனவரு." ஒன்றும் தெரியாத பிள்ளைக்கு மருந்துக் கணக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னாள். "போயிட்டு வர்றேன்னு நீங்கதானே சொன்னீங்க. நான் திரும்பவும் கேட்டேன். வராம எங்க போகப் போறேன்னீங்க. போறவரு போனாரு. வர்றவரு வந்துட்டீங்க."

"அது... அது சும்மா சொல்றதுக்கா. எல்லாரும் சொல்றது."

"ஆமா. எல்லாரும் சொல்லிட்டுத்தான் போறாங்க."

இந்தத் தீவில் வேறு எப்படிச் சொல்வது? 'போறேன்' என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலைத் தாண்டினால் அம்மா வாயிலேயே போடுவாள். அது சாகப் போகிறவன் சொல்வது. சிங்களத்தில் சொன்னாலும் 'கிஹின் என்னம்', அதுவும் போய் வருகிறேன்தான். கவுண்டரில் நாளைக்கு நூறு பேர் அவனிடம் அப்படிச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். முக்கால்வாசிப் பேர் திரும்பி வருவதில்லை. அவர்களை யாரும் பிடித்து வைப்பதில்லை.

யாரையாவது எழுப்ப வேண்டும். உள்ளே ஆறு சைக்கிள்காரர்கள் இருக்கிறார்கள். ஏழு பேராகப் பேசினால் ஏதாவது வழி பிறக்கும். அவன் திரையைத் தள்ளிக்கொண்டு போனான். அவள் தடுக்கவில்லை. இருட்டில் தைல வாசம் இன்னும் கெட்டியாக இருந்தது. கடைசி ஆளின் தோளைத் தொட்டான். போர்வைக்கு மேலே தாடி வயிறுவரை வளர்ந்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. தாடிக்குக் கீழே பனியனின் எழுத்து, பாதி மங்கி: களைப்பு மனதின்.

கண்கள் திறந்துதான் இருந்தன.

"மணி என்ன தம்பி?" என்று கேட்டார் ராஜரத்தினம்.

அந்தக் குரல். மைக் இல்லாமல் புஷ்பதான மண்டபத்தையே நிரப்பும் குரல், இப்போது ஒரு முழம் தாண்டவில்லை.

"பத்து தாண்டிருச்சு ஐயா."

"பகலா, ராவா?"

"ராவு."

அவர் கண் கூரையிலேயே இருந்தது. "அங்க நான் நல்லா இருக்கேனா?"

நேற்றுக் காலை ஆறு மணிக்கு, தொடக்கக் கோட்டில், வெள்ளைத் தொப்பியோடு நாற்பது நிமிடம் பேசிய மனிதர் நிரஞ்சனின் கண் முன்னால் வந்தார்.

"நல்லா இருக்கீங்க ஐயா. பேசிக்கிட்டு இருக்கீங்க."

"இன்னமுமா," என்றார் ராஜரத்தினம். அதைச் சொல்லவே அவருக்கு மூச்சு வாங்கியது. "எனக்கு ஒரே ஒரு நித்திரை போதும் தம்பி. ஒரு பத்து நிமிஷம்."

நிரஞ்சன் பின்னால் நகர்ந்தான். மேசையில் இடுப்பு முட்டியது. டெலிபோன். தன்னுடைய போனில் சார்ஜ் இறங்கி மஹியங்கனையிலேயே செத்துவிட்டது. தர்ஷிகாவின் இலக்கம் மட்டும் மனப்பாடம். இரண்டு தடவை இலக்கம் பிழைத்தது. மூன்றாவது தடவை மணி அடித்தது.

"ஹலோ, யாரு?"

"தர்ஷி. நான்தான்."

"நான்தான்னா?"

"நிரஞ்சன். கேளு, நான் ஹுன்னஸ்கிரியவுக்கு மேல மாட்டிக்கிட்டேன். யாரையாவது வேன் புடிச்சிக்கிட்டு..."

அவள் சிரித்துவிட்டாள். "பஹீம் அண்ணனா? பஸ்ஸில வந்த வெக்கத்துல இப்படி ஒரு விளையாட்டா? குரல நல்லாத்தான் புடிக்கிறீங்க. அவரு இங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு."

"யாரு?"

"என் வீட்டுல வேற யாரு? எட்டே முக்காலுக்கே போய்ச் சேந்துட்டாராமே, நீங்களும்தானே நின்னு பாத்தீங்களாம். நாலாவது தடவையா சோறு போட்டுட்டேன் அண்ண. கொஞ்சங்கூடக் களைப்பு இல்ல. நாளைக்குக் காலையில நாலு மணிக்கு எழும்பி ஓடப் போறாராம். என்ன சிரிப்பு, என்ன பேச்சு. கல்யாணம் கட்டி பதினெட்டு வருஷத்துல இவர இப்படிப் பாத்ததில்ல."

பின்னால் கதிரை நகரும் சத்தம். தட்டு வைக்கும் சத்தம்.

"தர்ஷி, நான் சொல்றதக் கேளு. அது நான் இல்ல. கதவப் பூட்டிக்கிட்டு..."

"யாரும்மா?" என்று ஒரு குரல் கேட்டது. அவனுடைய குரல். அது இவ்வளவு சந்தோஷமாக இருந்து அவன் கேட்டதேயில்லை.

"பஹீம் அண்ணன். பகிடி பண்றாரு."

"குடு."

போன் கை மாறியது. தெளிவான, நிதானமான மூச்சு. பனிப் பாதையில் முன்னால் கேட்ட சிரிப்பின் மிச்சம் அதில் இருந்தது.

"வந்து சேந்துட்டியா?" என்று அது மெதுவாகக் கேட்டது, தர்ஷிகாவுக்குக் கேட்காதபடி. "நல்லது. முத்திரை கிடைச்சிருச்சு. ஆகஸ்ட்ல பிரான்ஸ். நீ படு."

தொடர்பு அறுந்தது. திரும்ப எடுத்தான். டயல் சத்தமே இல்லை. வயரை இழுத்தான். முழுதும் கையோடு வந்தது. எங்கும் பொருத்தியிருக்கவில்லை.

அவள் அவன் தோளைத் தொட்டாள். சூடான கை. அன்பான கை.

"வாங்க தம்பி. எவ்வளவு நேரந்தான் நிப்பீங்க."

ஓடலாம். வாசல் திறந்துதான் இருந்தது. ட்யூப்லைட்டுக்கு அப்பால் பனி. பாதை. முந்நூற்று நாற்பது காலடி. மறுபடி இந்த வாசல். அதை நடக்க வேண்டும். கால்களைப் பார்த்தான். அவை அவனுடைய கேள்விக்குக் காத்திருக்கவில்லை. உள்ளே திரும்பின.

ஏழாவது பாய். வெயிலில் காய்ந்த கோரைப் புல் வாசம். தலைமாட்டில் மடித்த துவாய். அவள் குனிந்து அவனுடைய சப்பாத்தைக் கழற்றினாள், ஒன்று, பிறகு மற்றது. அவன் படுத்தான். முதுகு தரையைத் தொட்டதும் நாற்பது மணித்தியாலக் களைப்பும் ஒன்றாக வந்து நெஞ்சின் மேல் உட்கார்ந்தது. கண்ணை மூடினான்.

மூடவில்லை. இமை இறங்க மறுத்தது.

அவள் சாம்பல் போர்வையை நெஞ்சுவரை இழுத்துவிட்டு, விளக்கை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவருடைய கால்மாட்டிலும் போர்வையைச் சரிசெய்துகொண்டு போனாள். அந்த வெளிச்சத்தில் அவன் பார்த்தான். ராஜரத்தினத்தின் போர்வை முழங்கால் இருக்கும் இடத்தில் மெல்ல எழுந்தது. இறங்கியது. மறு முழங்கால் எழுந்தது. அடுத்தவர். அதற்கடுத்தவர். ஆறு போர்வைகளுக்கு அடியிலும் பன்னிரண்டு கால்கள், அவசரமில்லாமல், ஒரே தாளத்தில், சுழன்றுகொண்டிருந்தன. திறந்த கண்கள் எல்லாம் கூரையில்.

விளக்கு அவனுடைய கால்மாட்டுக்கு வந்தது.

அவனுடைய வலது முழங்கால் மெல்ல மேலே எழுந்தது.